செயலியில் அனுப்பிய செய்தியை மருத்துவமனையில் யார் படிக்கிறார்கள்?

"செயலியில் எழுதி அனுப்பிவிட்டேன், இனி டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா, பின் போடுவதா என்ற சந்தேகமாக இருந்தால் அந்த நிம்மதியால் ஒன்றும் கெட்டுப்போகாது. நெஞ்சைப் பிசைகிறது என்று எழுதியிருந்தால் அதே நிம்மதி உயிருக்கு உலை வைத்துவிடும்.

செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்பது ஒரு விஷயம். அதைப் பொறுப்பான ஒருவர் படித்துவிட்டார் என்பது வேறு விஷயம். இரண்டுக்கும் நடுவே பல படிகள் இருக்கின்றன. "டிஜிட்டல் மருத்துவமனை", "எல்லாம் உங்கள் கைபேசியிலேயே" என்று பேசுகிறவர்கள் இந்தப் படிகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. நோயாளிகளுக்குத் தெரிந்தே ஆகவேண்டியது அதுதான் என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன். கணினி அறிவு எதுவும் வேண்டாம், பொறுமையாகப் படித்தால் போதும்.

## செயலிக்குப் பின்னால் இருப்பது

தெருமுனையில் நிற்கும் தபால் பெட்டியை எண்ணிப் பாருங்கள். அது கடிதத்தை வாங்கிக்கொள்ளும், படிக்காது. யாரோ வந்து பெட்டியைத் திறக்க வேண்டும், ஊர் வாரியாகப் பிரிக்க வேண்டும், முகவரி பார்த்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், வாங்கியவர் பிரித்துப் படிக்க வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் கடிதம் எழுதியவருக்குப் பதில் வராது. ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிந்தது அந்தப் பெட்டி மட்டும்தான்.

மருத்துவமனையின் கைபேசிச் செயலியும் இந்தப் பெட்டிதான். அதற்குள் உங்களைப் பற்றிய தகவல் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. நீங்கள் திறக்கும்போதெல்லாம் அது மருத்துவமனையின் கணினியிடம் கேட்டு வாங்கிக் காட்டுகிறது. கைபேசி தொலைந்தாலும் உங்கள் மருத்துவக் குறிப்புகள் தொலையாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்தக் கணினியில் இருப்பதற்கு மின்னணு மருத்துவப் பதிவேடு என்று பெயர். உங்கள் நோய்கள், மருந்துகள், ஒவ்வாமைகள், பரிசோதனை முடிவுகள், மருத்துவர் எழுதிய குறிப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்த கோப்பு அது. வரவேற்பறை, ஆய்வகம், மருந்தகம், கணக்குப் பிரிவு எல்லாம் இதே கோப்பில்தான் எழுதுகின்றன, இதிலிருந்துதான் படிக்கின்றன.

அந்தக் கோப்பின் முகவரிதான் நோயாளி எண். முதல் முறை பதிவு செய்யும்போது தரப்படும் இந்த எண்ணை வைத்துத்தான் கணினி உங்களை அடையாளம் காண்கிறது. பெயர் போதாது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். ஒருவரே ஓரிடத்தில் முதலெழுத்தோடும் இன்னோரிடத்தில் முழுப் பெயரோடும் பதிந்திருப்பார். இப்படி ஒருவருக்கே இரண்டு கோப்புகள் உருவாகிவிட்டால், பென்சிலின் ஒவ்வாமை ஒரு கோப்பில் இருக்கும், இன்றைய மருந்துச் சீட்டு இன்னொரு கோப்பில் எழுதப்படும். இரண்டு பேரின் தகவல் ஒரே கோப்பில் கலந்துவிட்டால் அது இன்னும் ஆபத்து. இரத்தம் எடுக்கும் முன்பும் மருந்து கொடுக்கும் முன்பும் பெயரையும் பிறந்த தேதியையும் மறுபடி மறுபடி கேட்கிறார்கள் அல்லவா? அலுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் வாய் திறந்து சொல்லுங்கள். கேட்காமல் ஊசி போட வருகிறவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

இதுவரை பார்த்தது: செயலி ஒரு வாசல். உண்மையான தகவல் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் உங்கள் பக்கத்தைக் கண்டுபிடிக்கும் திறவுகோல் நோயாளி எண்.

## ஓர் இரத்தப் பரிசோதனை முடிவு கைபேசிக்கு வந்து சேரும் வழி

"உங்கள் பரிசோதனை முடிவு தயார்" என்று கைபேசி ஒலிக்கிறது. அதற்கு முன் என்னென்ன நடந்தது என்பதை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டால் மற்ற எல்லாமே எளிதில் புரிந்துவிடும்.

உங்கள் இரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பார்க்க மருத்துவர் கணினியில் உத்தரவு போடுகிறார். அந்த உத்தரவுக்கு ஒரு தனி எண் உருவாகிறது. இரத்தம் எடுப்பவர் அந்த எண்ணைப் பட்டைக்குறியாக (பார்கோடு) அச்சிட்டு, இரத்தம் பிடிக்கும் கண்ணாடிக் குழாய் போன்ற சிறு குழாயில் ஒட்டுகிறார். குழாய் ஆய்வகத்துக்குப் போனதும் இயந்திரம் பட்டைக்குறியைப் படித்து, எந்த உத்தரவுக்கு உரிய குழாய், என்ன அளக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்கிறது. அளந்த எண்ணை ஆய்வகக் கணினிக்கு அனுப்புகிறது. அங்கே அது சரிபார்க்கப்பட்டு ஒப்புதல் பெற்ற பிறகே பதிவேட்டுக்குப் போகிறது. பதிவேட்டிலிருந்து செயலிக்கு வருகிறது.

ஆய்வகக் கணினியும் பதிவேடும் வெவ்வேறு நிறுவனங்கள் செய்தவையாக இருக்கும். அவை ஒன்றோடொன்று பேச ஒரு பொது மொழி வேண்டும். அதைத் தரநிலை என்பார்கள். எந்தத் தகவலை எந்த வரிசையில், எந்த வடிவில் அனுப்ப வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி அது. மருத்துவத் துறையில் இதை வகுப்பது 1987இல் தொடங்கப்பட்ட ஹெச்.எல்.7 என்ற அமைப்பு. அது வகுத்த தரநிலையின் பழைய வடிவம் இன்றும் உலகெங்கும் மருத்துவமனைகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் செய்தியைத் திறந்து பார்த்தால் நிமிர்ந்த கோடுகளால் பிரிக்கப்பட்ட சில வரிகள்தான் தெரியும். ஒரு வரியில் நோயாளி எண், பெயர், பிறந்த தேதி. இன்னொரு வரியில் எந்தப் பரிசோதனை. அடுத்த வரியில் அளவு, அலகு, இயல்பான எல்லை, அதைத் தாண்டியிருந்தால் ஓர் எச்சரிக்கை எழுத்து. அவ்வளவுதான்.

இதில் அலகு என்பதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. சர்க்கரை அளவு 100 என்று ஓர் ஆய்வகம் சொல்லும், 5.6 என்று இன்னொன்று சொல்லும். இரண்டும் ஒரே அளவுதான். முதலாவது டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இரண்டாவது லிட்டருக்கு மில்லிமோல். அலகு இல்லாமல் எண் மட்டும் பயணம் செய்தால் அதற்குப் பொருளே இல்லை. வேறு நாட்டில் இருக்கும் உறவினரோடு முடிவுகளை ஒப்பிட்டுப் பார்த்துப் பதறுகிறவர்கள் முதலில் அலகைப் பாருங்கள்.

பிறகு அந்தச் சிவப்பு நிறம். ஒரு பரிசோதனையின் இயல்பான எல்லை என்பது பொதுவாக ஆரோக்கியமானவர்களில் நடுவில் வரும் 95 சதவீதத்தினரின் அளவுகளைக் கொண்டு வகுக்கப்படுவது. அப்படியானால் ஒரு நோயும் இல்லாதவர்களிலேயே 20 பேரில் ஒருவர் அந்த எல்லைக்கு வெளியே இருப்பார். ஒரே நாளில் 20 பரிசோதனைகள் செய்துகொண்டால் ஒன்றாவது சிவப்பில் வருவதற்கே வாய்ப்பு அதிகம். செயலிக்கு இதெல்லாம் தெரியாது. எல்லையைத் தாண்டினால் சிவப்பு, அதுதான் அதற்குக் கொடுக்கப்பட்ட விதி.

பொட்டாசியத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ குழாய்க்குள் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து, உடலில் இல்லாத உயர்வைக் காட்டும். திரையில் லிட்டருக்கு 6.1 மில்லிமோல் என்று சிவப்பில் பார்த்த நோயாளி இரவெல்லாம் தூங்காமல் இருப்பார். காலையில் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தால் 4.3 என்று இயல்பாகவே இருக்கும். எண்ணைப் பார்ப்பதற்கும் அதன் பொருளை அறிவதற்கும் இடையே ஒரு மருத்துவர் தேவைப்படுவது இதனால்தான்.

அந்த மருத்துவர் உங்களுக்கு முன்பே முடிவைப் பார்த்திருப்பார் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, முடிவுகளை நோயாளிக்குக் காட்டாமல் நிறுத்திவைக்கப் பொதுவாக அனுமதி இல்லை. அதனால் பல நேரங்களில் நோயாளியே முதலில் பார்க்கிறார். இந்த விதியை நான் வரவேற்கிறேன். என் உடலைப் பற்றிய தகவல் எனக்குத்தான் முதலில் உரியது. ஆனால் "முடிவு வந்துவிட்டது, டாக்டர் கூப்பிடவில்லை, ஆகவே எல்லாம் சரி" என்று நோயாளி எண்ணிக்கொள்ளும் ஆபத்து இங்கே இருக்கிறது. கூப்பிடவில்லை என்றால் இன்னும் பார்க்கவில்லை என்றும் இருக்கலாம்.

அவசரமானால் என்ன செய்வார்கள்? பொட்டாசியம் 7ஐ நெருங்கினால் இதயத் துடிப்பே தடம் மாறலாம். அந்த நேரத்தில் ஆய்வகம் செயலியையும் கணினியையும் நம்பி இருப்பதில்லை. தொலைபேசியை எடுத்து வார்டையோ மருத்துவரையோ நேரடியாகக் கூப்பிடுகிறது. கேட்டவர் நோயாளியின் பெயரையும் சொல்லப்பட்ட அளவையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துகிறார். இத்தனை தொழில்நுட்பத்துக்கு நடுவிலும் உயிர் போகும் அவசரத்துக்கு மருத்துவமனைகளே குரலைத்தான் நம்புகின்றன. நோயாளிகளும் அப்படியே செய்ய வேண்டும்.

சுருக்கமாக: முடிவு என்பது பல கணினிகள் கைமாற்றிவிட்ட ஓர் எண். அது சரியான ஆளுக்குச் சேர நோயாளி எண் வேண்டும், சரியாகப் படிக்க அலகு வேண்டும், பொருள் சொல்ல மருத்துவர் வேண்டும்.

## நினைவூட்டல் செய்தி

"நாளை காலை 10 மணிக்கு உங்கள் முன்பதிவு" என்ற குறுஞ்செய்தியை யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்வதில்லை. முன்பதிவுப் பட்டியலைக் கணினி குறிப்பிட்ட நேரத்தில் அலசி, அடுத்த ஓரிரு நாள்களில் வரவேண்டியவர்களை எடுத்து, குறுஞ்செய்தி அனுப்பும் சேவைக்குக் கொடுத்துவிடுகிறது. எளிய வேலைதான், பலனோ பெரிது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, நினைவூட்டலே இல்லாததைவிடக் குறுஞ்செய்தி அனுப்பினால் கூடுதலானோர் வருகிறார்கள் என்றும், தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்வதற்குக் கிட்டத்தட்ட இணையாகப் பலன் தருகிறது என்றும் கண்டது.

இந்தச் செய்திகளில் பொதுவாக நோயின் பெயரோ முடிவோ இருக்காது. குறுஞ்செய்தி வழி நெடுக மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டு, போவதில்லை. கைபேசி பூட்டியிருந்தாலும் திரையில் தெரியும், பக்கத்தில் இருப்பவர் படித்துவிடலாம். அதனால்தான் "உள்ளே வந்து பாருங்கள்" என்று மட்டும் சொல்கிறார்கள். நோயின் பெயரைப் போட்டு, இணைப்பைத் தொடச் சொல்லி ஒரு செய்தி வந்தால் சந்தேகப்படுங்கள்.

## மருத்துவருக்கு எழுதும்போது

இனி தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். நீங்கள் அனுப்பும் செய்தி பல மருத்துவமனைகளில் மருத்துவரின் பெயருக்குப் போனாலும், முதலில் விழுவது ஒரு பொதுப் பெட்டியில். செவிலியரோ அலுவலரோ அதைத் திறந்து, முன்பதிவு மாற்றமா, மருந்துச் சீட்டைப் புதுப்பிப்பதா, மருத்துவரே பார்க்க வேண்டியதா என்று பிரிக்கிறார். மருத்துவர் நாள் முழுவதும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, இடைவேளையிலோ மாலையிலோ தன் பங்குச் செய்திகளைத் திறக்கிறார். இரவிலும் விடுமுறை நாளிலும் அந்தப் பெட்டியின் முன் யாரும் இல்லாமலே இருக்கலாம். உடனே வரும் "உங்கள் செய்தி கிடைத்தது" என்ற பதில், கணினி தானாக அனுப்புவது.

ஆகவே காத்திருந்தால் கெடுதல் வராத விஷயங்களுக்கு மட்டும் எழுத்து. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் செயலிழப்பது, திடீரென வாய் குழறுவது, நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கு அவசர எண்ணை அழையுங்கள், அல்லது நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

எழுதும் விதமும் முக்கியம். "உடம்பு சரியில்லை, என்ன செய்வது?" என்று எழுதினால் திருப்பிக் கேள்வி கேட்பதிலேயே ஒரு நாள் போய்விடும். என்ன தொந்தரவு, எப்போது தொடங்கியது, கூடுகிறதா குறைகிறதா, என்ன மருந்து எந்த அளவில் எடுத்துக்கொள்கிறீர்கள், உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஐந்தாறு வரிகளில் எழுதினால் படித்தவுடன் பதில் எழுத முடியும். பல செயலிகளில் இப்போது தானியங்கி உரையாடலும் இருக்கிறது. முன்பதிவுக்கும் வழி கேட்பதற்கும் அது உதவும். பேசுவது இயந்திரமா மனிதரா என்று தெரியாவிட்டால் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. மருத்துவர் தனக்காக எழுதிக்கொள்ளும் குறிப்புகளை நோயாளியும் படிக்கட்டும் என்று 2010இல் அமெரிக்காவின் மூன்று இடங்களில் ஒரு முயற்சி தொடங்கியது. ஓப்பன்நோட்ஸ் என்பது அதன் பெயர். 105 மருத்துவர்கள் சேர்ந்தார்கள். நோயாளிகள் குழம்பிப்போவார்கள், கேள்விகளால் துளைத்துவிடுவார்கள் என்ற பயம் பலருக்கு இருந்தது. 2012இல் முடிவுகள் வெளிவந்தபோது, பதிலளித்த நோயாளிகளில் 99 சதவீதத்தினர் இது தொடர வேண்டும் என்றார்கள். மருத்துவர்களில் ஒருவர்கூட நிறுத்த விரும்பவில்லை. நோயாளியால் புரிந்துகொள்ள முடியாது என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

## தொலைவிலிருந்து பார்ப்பது

மருத்துவரும் நோயாளியும் வெவ்வேறு இடத்தில் இருந்தபடி நடக்கும் மருத்துவம்தான் தொலைமருத்துவம். இது நேற்றுப் பிறந்ததல்ல. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் உடலியல் அறிஞர் வில்லெம் ஐந்தோவன், 1905இல் மருத்துவமனையில் இருந்த நோயாளிகளின் இதய மின்துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியாகச் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்துப் பதிவு செய்தார். அவருடைய கருவி இடம் மாற்ற முடியாத அளவுக்குப் பெரிது, ஆகவே துடிப்பை வரவழைத்தார்.

இன்று இது இரண்டு வகையாக நடக்கிறது. ஒன்று, காணொலியில் நேருக்கு நேர் பேசுவது. மற்றொன்று, தோலில் வந்த தடிப்பின் படத்தையோ விழித்திரைப் படத்தையோ அனுப்பிவைத்து, நிபுணர் தனக்கு வசதியான நேரத்தில் பார்த்துப் பதில் எழுதுவது. கைபேசித் திரையில் மருத்துவரால் உங்கள் முகத்தை, பேச்சை, நடையை, மூச்சு வாங்குவதைப் பார்க்க முடியும். வயிற்றை அழுத்திப் பார்க்க முடியாது. "நேரில் வாருங்கள்" என்று அவர் சொன்னால் அது காணொலியின் தோல்வி ஆகாது. யாரை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று பிரித்தறிவதும் அந்த அழைப்பின் வேலைதான்.

## வீட்டிலிருந்து போகும் அளவுகள்

தொலைக் கண்காணிப்பு என்ற சொல்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. வீட்டில் இருக்கும் கருவி எடுக்கும் அளவுகள் மருத்துவமனைக்குத் தானாகப் போவதே இது. இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று பலர் நம்புகிறார்கள். அப்படிப்பட்ட ஏற்பாடுகளும் உண்டு. பெரும்பாலானவை அப்படி இல்லை.

இரத்த அழுத்தக் கருவியை எடுத்துக்கொள்வோம். கையில் கட்டிய பட்டை காற்றால் இறுகித் தளர்கிறது, 152/94 என்று காட்டுகிறது. அந்த எண் புளூடூத் வழியாகக் கைபேசிக்கும், இணையம் வழியாக மருத்துவமனைக் கணினிக்கும் போகிறது. அங்கே ஒரு விதி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது: இந்த எல்லையைத் தாண்டினால் செவிலியருக்கு எச்சரிக்கை. எல்லையை வைப்பது மருத்துவக் குழு. தாழ்வாக வைத்தால் நாள் முழுவதும் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டே இருக்கும், கேட்டுக் கேட்டுக் காது பழகிப்போய் உண்மையான ஆபத்தும் கவனிக்கப்படாமல் போகும். உயர்வாக வைத்தால் தாமதமாகத் தெரியவரும். எல்லையைத் தாண்டாத அளவுகள் பதிவேட்டில் சேர்ந்துகொண்டே இருக்கும். அடுத்த சந்திப்பு வரை யாரும் அவற்றைத் திறக்காமலும் இருக்கலாம்.

அளக்கும் விதத்தில் தவறு இருந்தால் மற்றதெல்லாம் வீண். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, சட்டைத் துணிமேல் கட்டாமல் வெறும் கையில் கட்டி, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் எடுக்க வேண்டும். மருத்துவமனையில் 140/90 உயர்வு என்று கொள்ளும் வழிகாட்டுதல்கள் வீட்டு அளவுக்கு 135/85ஐ எல்லையாக வைக்கின்றன. வீட்டில் பதற்றம் குறைவு என்பதே காரணம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கும் வரம்பு உண்டு. கருப்பினத்தவரிடம் அது உண்மையான ஆக்சிஜன் குறைவைக் காட்டத் தவறியது வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. கருவி 95 காட்டினாலும் மூச்சு முட்டினால் மூச்சை நம்புங்கள், கருவியை நம்பாதீர்கள்.

மறுபடி ஒருமுறை: கருவி அளக்கிறது, விதி வடிகட்டுகிறது, வடிகட்டியதை மனிதர் பார்க்கிறார். அவர் எந்த நேரங்களில் பார்க்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கருவியை வீட்டுக்கு எடுத்துவராதீர்கள்.

## ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு

"என் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்குமே" என்று வேறு மருத்துவமனையில் போய்ச் சொல்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அது அந்த மருத்துவமனையின் கணினியில் இருக்கிறது, இங்கே இல்லை. இந்த இடைவெளியைக் குறைக்க ஹெச்.எல்.7 அமைப்பு ஃபயர் என்ற புதிய தரநிலையை உருவாக்கியது. 2014இல் அதன் சோதனை வடிவம் வந்தது. முழுக் கோப்பையும் அள்ளி அனுப்பாமல், ஒரு மருந்து, ஓர் ஒவ்வாமை, ஒரு முடிவு என்று வேண்டிய துண்டை மட்டும் இணைய வழியில் கேட்டு வாங்க அது உதவுகிறது. இரு பக்கமும் இந்தத் தரநிலையை ஏற்று, உங்கள் ஒப்புதலும் சட்டமும் இடம் கொடுத்தால்தான் தகவல் நகரும். அதுவரை மருந்துப் பட்டியலும் ஒவ்வாமை விவரமும் உங்கள் கையில் இருக்கட்டும்.

## உங்கள் கோப்பை யார் திறக்கலாம்?

பதிவேட்டைத் திறக்கும் ஒவ்வொருவரின் பெயரும் நேரமும் தானாகக் குறிக்கப்படும். இதை அணுகல் பதிவு என்பார்கள். காகிதக் கோப்பை யார் புரட்டினார் என்று யாருக்கும் தெரியாது, இங்கே தடம் இருக்கிறது. எஸ்டோனியாவில் தன் மருத்துவத் தகவலை யார் திறந்தார் என்று குடிமக்கள் தாங்களே பார்க்கலாம். எல்லா நாடுகளிலும் இந்த வசதி வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் மருத்துவமனையில் இது இருக்கிறதா என்று கேளுங்கள். பலர் கேட்டால்தான் வரும்.

நோயாளிகள் பக்கத்தில் நடக்கும் பெரிய கசிவு கடவுச்சொல்லைப் பகிர்வதுதான். வயதான பெற்றோரின் செயலியை மகனோ மகளோ அவர்களுடைய கடவுச்சொல்லைப் போட்டுத் திறக்கிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் மகன் எழுதிய செய்தி அம்மாவே எழுதியதாகப் பதிவாகும், அம்மா மகனிடம் மறைக்க விரும்பியதும் அவன் கண்ணில் படும். இதற்கென்றே பதிலாள் அனுமதி என்ற ஏற்பாடு பல செயலிகளில் இருக்கிறது. நோயாளியின் ஒப்புதலோடு மகனுக்குத் தனிக் கணக்கு கிடைக்கும், எதைப் பார்க்கலாம் என்பதையும் வரையறுக்கலாம், வேண்டாம் என்றால் பிறகு நீக்கிவிடலாம். வரவேற்பறையில் கேட்டால் படிவம் தருவார்கள். அப்போதே பதிவேட்டில் இருக்கும் கைபேசி எண் இன்றும் உங்களுடையதுதானா என்று ஒருமுறை படித்துக்காட்டச் சொல்லுங்கள். எண்ணை மாற்றிய பிறகு மருத்துவமனைக்குச் சொல்லாதவர்களின் நினைவூட்டலும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் (ஓ.டி.பி.) அந்தப் பழைய எண்ணை இப்போது வைத்திருப்பவருக்குத்தான் போய்க்கொண்டிருக்கும்.